புதுப்பட்டி எது, அங்கே எத்தனை பேர், பஸ் போகுமா?

புதுப்பட்டி என்று ஒரே ஓர் ஊர் இருந்திருந்தால் நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். திருச்சியில் இருக்கிறது, புதுக்கோட்டையில் இருக்கிறது, நாமக்கல்லில் இருக்கிறது, மதுரையைத் தாண்டியும் இருக்கிறது. எந்தக் காலத்திலோ நாலு குடும்பம் முள்ளை வெட்டிக் கொட்டாய் போட்ட இடமெல்லாம் புதுப்பட்டிதான்.

கேட்டவர் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த தம்பி. 1937-இல் கங்காணியோடு கப்பலேறி வந்த பாட்டனின் ஊரைத் தேடுகிறார். வீட்டில் இருக்கும் பழைய கடித உறையில் ‘புதுப்பட்டி, முசிரி தாலுகா, திருச்சி ஜில்லா’ என்று எழுதியிருக்கிறது. டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஆயிரத்துச் சொச்சம் என்கிறது, இன்னொரு பக்கம் நாலாயிரத்துக்கு மேல் என்கிறது. எது சரி, அங்கே ரயில் போகுமா, பஸ் போகுமா என்பது கேள்வி.

இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம், தம்பி. இரண்டும் உங்கள் புதுப்பட்டியே இல்லாமலும் போகலாம். ஜனத்தொகையைத் தேடுவதற்கு முன்னால் எந்தப் புதுப்பட்டி என்பதை முடிவு செய்யுங்கள். நான் அதைச் செய்யாமல் போய் மாட்டிக்கொண்டவன். 1994-இல் என் தாத்தா ஊரைத் தேடிப் போனபோது, ஊர்ப் பெயரைச் சொன்னேன், கண்டக்டர் டிக்கெட் கிழித்தார், இறங்கினேன். கோயில் இருந்தது, ஆலமரம் இருந்தது, டீக்கடை இருந்தது. என் தாத்தா பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அரை நாள் கழித்து ஒரு பெரியவர்தான், “நீங்க தேடுறது மலையடிவாரத்து ஊரு சாமி, இது ஆத்தோரத்து ஊரு” என்றார். ஒரே பெயர், இரண்டுக்கும் நடுவே இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். தோட்டம் என்று ஒன்று உண்டு. அதற்குள் டிவிஷன், டிவிஷனுக்குள் லயம், அதாவது ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மேனேஜர் காகிதத்தில் இருப்பது தோட்டத்தின் பெயர். ஆனால் ஆட்களைக் கேட்டால் ‘மேட்டு லயம்’, ‘ஆத்தங்கரை லயம்’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமமும் இப்படித்தான். நிலக்கணக்குக்கு ஒரு பிரிவு இருக்கிறது, அது வருவாய்க் கிராமம். தேர்தலுக்கும் குடிதண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் இன்னொரு பிரிவு, அது ஊராட்சி. மனிதர்கள் வாழ்வது இந்த இரண்டுக்கும் கீழே இருக்கும் குக்கிராமத்தில். பட்டி, பாளையம், கொட்டாய், களம், காலனி என்று அதற்கு ஆயிரம் பெயர். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியலிட்ட கிராமங்கள் 16 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. குக்கிராமங்களோ 79 ஆயிரத்துக்கு மேல். அதாவது கணக்கெடுப்பில் ஒரு பெயர் இருந்தால், அதற்குள் சராசரியாக ஐந்து ஊர் ஒளிந்திருக்கிறது.

உங்கள் பாட்டன் சொன்ன புதுப்பட்டி அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால், கணக்கெடுப்புப் பட்டியலில் எத்தனை முறை தேடினாலும் வராது. வேறொரு பெரிய ஊரின் பெயருக்குள் அடங்கியிருக்கும். நீங்கள் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் ஒரு வருவாய்க் கிராமத்தின் எண்ணாகவும், நாலாயிரம் அதையும் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்த ஊராட்சியின் எண்ணாகவும் இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. சில தளங்கள் 2011 எண்ணை எடுத்து, ஏதோ ஒரு விகிதத்தால் பெருக்கி, ‘இந்த ஆண்டு மக்கள்தொகை’ என்று போடுகின்றன. அதை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட கிராமத்துக்கு மாநிலச் சராசரி வளர்ச்சியைப் போட்டுப் பெருக்கினால் வருவது வெறும் கற்பனை.

இனி முகவரி. ‘முசிரி தாலுகா’ என்று இருப்பதால் இன்றைய முசிரி வட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து முசிரி தாலுகா பெரியது. துறையூர் ஜமீனும் காட்டுப்புத்தூர் ஜமீனும் அதற்குள்தான் இருந்தன. இன்று முசிரி, துறையூர், தொட்டியம் என்று மூன்று வட்டங்களாகி நிற்கிறது. இது பரவாயில்லை, மூன்றுமே இன்னும் திருச்சி மாவட்டம்தான். வேறு குடும்பங்களுக்கு இதைவிடச் சிக்கல். தாத்தா ‘திருச்சி ஜில்லா’ என்று சொல்லியிருப்பார், ஊர் இன்று புதுக்கோட்டை (1974), கரூர் அல்லது பெரம்பலூர் (1995), அரியலூர் (2007) என்று ஏதாவது ஒரு மாவட்டத்தில் இருக்கும். ‘வட ஆற்காடு’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் 1989-இல் பிரிந்த வேலூர், திருவண்ணாமலையில் தேட வேண்டும். அந்த வேலூரும் 2019-இல் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்றாகிவிட்டது. ‘தென் ஆற்காடு’ என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. ‘சேலம்’ என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலாயாவுக்கு ஆள் போனது பெரும்பாலும் இந்த ஜில்லாக்களிலிருந்தும் தஞ்சாவூர், செங்கல்பட்டிலிருந்தும்தான். எனவே நம் வீட்டுக் காகிதங்களில் இருக்கும் ஜில்லா ஏறக்குறைய எல்லாமே இப்போது துண்டாகிப் போனவை.

உறையை நீங்கள் படம் எடுத்து அனுப்பிய விதத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. முகவரியை விட அஞ்சல் முத்திரை முக்கியம். குக்கிராமத்துக்கு அஞ்சலகம் இருக்காது, பக்கத்து ஊரின் முத்திரை விழுந்திருக்கும். அந்தப் பக்கத்து ஊர் தெரிந்தால் புதுப்பட்டி தானே அகப்படும். 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு வந்த கடிதமாக இருந்தால் ஆறிலக்க அஞ்சல் குறியீடும் இருக்கக்கூடும். 621 என்று தொடங்கினால் திருச்சிச் சுற்றுவட்டாரம். 621010 துறையூர், 621211 முசிரி. 637 என்று தொடங்கினால் நீங்கள் நாமக்கல் பக்கம் பார்க்க வேண்டும். எல்லைக் கிராமங்களில் இந்தக் குழப்பம் நிறைய. நாமக்கல் தாலுகாவே ஒரு காலத்தில் சேலத்திலிருந்து திருச்சி ஜில்லாவுக்குப் போய், பிறகு சேலத்துக்கே திரும்பிய ஒன்று.

இன்னொரு தடயம் நம் ஊரிலேயே இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. கங்காணி என்பவர் தோட்டத்திலிருந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், தன் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் ஆள் சேர்த்து வந்தவர். ஆட்களை அனுப்ப அந்த ஊர்க் கிராம முன்சீப்பின் கையெழுத்தும் வேண்டும். அதனால் ஒரே லயத்தில் இருந்தவர்கள் பல சமயம் ஒரே ஊர்க்காரர்கள், அல்லது பக்கத்து ஊர்க்காரர்கள். உங்கள் பாட்டன் இருந்த தோட்டத்தில் அந்தக் கங்காணியின் வழி வந்தவர்கள், அடுத்த வீட்டில் இருந்தவர்கள் யாராவது இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பார்கள். அவர்கள் வீட்டு மூதாட்டியைக் கேளுங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்தவர்கள்கூடக் கிடா வெட்டின கோயிலை மறப்பதில்லை. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகையால் உங்கள் பாட்டன் கங்காணி வழி வந்த கடைசிக் கூட்டத்தில் ஒருவர். அவரோடு வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பிருக்கிறது.

ஊர்ப் பட்டியலைத் தமிழிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒவ்வொன்றாக இறங்கும். எந்த நிலத்தையும் தேட வேண்டாம், அந்தக் கிராமப் பட்டியலை மட்டும் படியுங்கள். துறையூர், முசிரி, தொட்டியம் மூன்றுக்கும் பார்த்து, புதுப்பட்டி என்று முடிகிற பெயர்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புப் புத்தகத்தில் நேரே இறங்கினால் ஆங்கில எழுத்துக்கூட்டல் உங்களைச் சுற்றவிடும். ‘ழ’வை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், ‘ட்டி’யை இன்னொருவர் ஒரு விதமாக. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் பழைய குழப்பம் பத்திரமாக இருக்கிறது.

ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜனத்தொகைக்கு வருவோம்.

இன்றைக்குக் கையில் இருக்கும் கடைசி நம்பகமான கணக்கு 2011-இன் கணக்குத்தான். 2021-இல் எடுத்திருக்க வேண்டியது கோவிட்டில் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த கணக்கு என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. ஆகவே கிராமத்து எண் எதைப் பார்த்தாலும் 2011 மார்ச் மாதத்து நிலைமை என்றே வாசியுங்கள். மாவட்டம் மாவட்டமாக ‘மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு’ என்று ஒன்று வெளியிடுகிறார்கள், கணக்கெடுப்புத் துறைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு பகுதி. ஒன்றில் கிராமத்தில் என்னென்ன வசதி என்ற விவரம், மற்றொன்றில் மக்கள் கணக்கு. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறிலக்க எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் பெயர்க் குழப்பம் தீர்ந்தது.

மக்கள் கணக்கில் வீடுகள் எத்தனை, ஆண் பெண் எத்தனை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், சொந்த நிலத்தில் உழுபவர்கள், விவசாயக் கூலிகள் என்று வரிசையாக இருக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 2011-இல் தமிழ்நாடு முழுவதற்கும் 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள். உங்கள் கிராமத்தில் பெண்கள் கூடுதலாகவும் ஆண்கள் கணிசமாகக் குறைவாகவும் இருந்தால், ஆண்கள் பிழைப்புக்கு வெளியே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைகள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் இளம் குடும்பங்களே கிளம்பிவிட்டன. ஒரு சின்ன எச்சரிக்கை: எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். மொத்தத் தொகையால் வகுத்துவிட்டு ஊர் பின்தங்கியிருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

கணக்கில் யாரைச் சேர்க்கிறார்கள் என்பது தோட்டத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில் பெயர் இருப்பவன் வேறு, லயத்தில் படுத்திருப்பவன் வேறு. ஒருவன் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வராமல் ஈப்போவில் வேலை பார்த்துக்கொண்டிருப்பான், அவன் வீடு இங்கே இருக்கும். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போய் எடுத்தார்கள், மார்ச் முதல் ஐந்து நாள் மறுபடி சரிபார்த்தார்கள். அந்த நாட்களில் ஒருமுறையாவது வீட்டில் தங்கியவர்களைத்தான் அந்த வீட்டில் எழுதுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், கோயில் வரியில்கூட இருக்கும். கணக்கெடுப்பில் இருக்காது. அதனால் ஊருக்குள் போய்க் கேட்டால் “எங்க ஊரு ரெண்டாயிரம் பேரு” என்பார்கள், புத்தகம் ஆயிரத்து முந்நூறு என்று சொல்லும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊர்க்காரனின் கணக்கில் சவுதியில் இருப்பவனும் உண்டு.

மாறாக, மக்களே இல்லாத கிராமங்களும் பட்டியலில் உண்டு. 2011-இல் இந்தியாவின் 6 லட்சத்து 40 ஆயிரம் கிராமங்களில் சுமார் 43 ஆயிரம் அப்படிப்பட்டவை. நிலம் இருக்கும், சர்வே எண் இருக்கும், மனிதர் இல்லை. உங்கள் கிராமத்துக்கு நேரே பூஜ்யம் இருந்தால் பதற வேண்டாம். ஊர் எல்லைக்கு அந்தப்பக்கம் குடியிருக்கிறார்கள் என்பதாகவும் இருக்கலாம்.

நேரம் இருந்தால் 1951 கையேட்டையும் பாருங்கள். அந்த ஆண்டிலிருந்துதான் கிராம வாரியாகக் கையேடு போட ஆரம்பித்தார்கள். உங்கள் பாட்டன் கிளம்பிப் பதினாலு வருஷம் கழித்து ஊர் எப்படி இருந்தது என்று தெரியும். 1951, 1961, 1971 என்று அடுக்கிப் பார்த்தால் எண் ஏறி எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும், பல ஊர்களில் இறங்கவும் செய்யும். என் தாத்தா ஊர்க் கணக்கை அப்படி அடுக்கிப் பார்த்தபோது எழுபதுகளில் சின்னதாக ஓர் ஏற்றம். 1969 கலவரத்துக்குப் பிறகு இங்கே வேலை பெர்மிட் கேட்டபோது குடியுரிமை இல்லாத நம்மவர் சுமார் 60 ஆயிரம் பேர் திரும்பிப் போனார்கள். அவர்களில் சிலர் அந்த ஊருக்கும் போனவர்கள். அந்த ஏற்றத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் ‘மலாயாக்காரர் வீடு’ என்று இன்றைக்கும் ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள்.

போக்குவரத்துக்கும் ஜனத்தொகைக்கும் உள்ள முடிச்சைச் சொல்லாமல் பஸ் நேரம் சொல்வதில் பயனில்லை. 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புக்கு எல்லாக் காலத்துக்குமான சாலை என்பது விதி. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிக்கு அது 250. 499 பேர் என்றால் காத்திருக்க வேண்டும். அரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 2011 கணக்கைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அதனால் அந்த எண் உங்களுக்கு வெறும் ஆர்வத்துக்கு, அங்கே இருப்பவர்களுக்குத் தார்ச் சடக்கு (சாலை). துறையூர்ப் பக்கம் கீழ்நாட்டில் சடக்குக்குக் குறைவில்லை. பச்சைமலைக்கு மேலே இருக்கும் குக்கிராமங்கள்தான் இந்த 250-ஐ எண்ணிக்கொண்டிருந்தவை.

கையேட்டின் முதல் பகுதியில் உங்கள் கிராமத்துக்கு நேரே அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், தார்ச் சாலை என்று கட்டங்கள் இருக்கும். வசதி ஊருக்குள் இல்லையென்றால் ஆங்கில எழுத்து மூன்றில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். முதல் எழுத்து என்றால் 5 கிலோமீட்டருக்குள், இரண்டாவது என்றால் 5 முதல் 10, மூன்றாவது என்றால் 10-க்கு மேல். பக்கத்துப் பட்டணம் எது, எவ்வளவு தூரம் என்றும் இருக்கும். இது நல்ல விவரம், ஆனால் தூரத்தைத்தான் சொல்லும், வழியைச் சொல்லாது. முசிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ரயில் இல்லை. பக்கத்து நிலையம் குளித்தலை, திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு போகும் பாதையில். ஆனால் முசிரி காவிரிக்கு வடகரை, குளித்தலை தென்கரை. இன்று பாலம் இருக்கிறது, பஸ்ஸில் கடந்துவிடலாம். பாட்டன் காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பரிசல், இல்லாவிட்டால் மணலில் நடை. துறையூருக்கு இன்றும் ரயில் இல்லை. பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத் தலைநகர், அதற்கும் இல்லை. ஆகவே ரயில் போகுமா என்ற கேள்விக்குப் பதில்: திருச்சி வரைக்கும் போகும், அதற்கு மேல் பஸ்.

பஸ்ஸைப் பற்றி விசாரிக்கும்போது ‘பக்கத்தில் எந்தப் பட்டணம்’ என்று கேட்காதீர்கள், ‘சந்தைக்கு எங்கே போவீர்கள்’ என்று கேளுங்கள். தூரத்தில் முசிரி கிட்ட இருக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் துறையூருக்குத்தான் போவார்கள், அல்லது தா.பேட்டைக்கு. தாத்தையங்கார்பேட்டையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் டவுன் பஸ் ஓடும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு நடை, காலையில் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று என்ற கணக்கில்தான் சின்ன ஊர்களுக்குப் பஸ் இருக்கும். சில ஊர்களில் கடைசி நடை இரவில் வந்து அங்கேயே தங்கிவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்து விடிகாலை முதல் நடையாகக் கிளம்புவார்கள். நைட் ஹால்ட் பஸ் என்பார்கள். அப்படி ஒரு பஸ் இருந்தால் அந்த ஊர் கொடுத்து வைத்த ஊர். பிரசவ வலி எடுத்தவளை அந்தப் பஸ்ஸை எழுப்பிக் கொண்டுபோன கதை என் தாத்தா ஊரிலேயே உண்டு.

பெரிய பஸ் நுழையாத சந்துக்கு மினி பஸ். 1997-இல் தொடங்கியது, தனியார் ஓட்டுவது. 2025 ஜூனில் புது விதிகளோடு மறுபடி தொடங்கிவைத்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே கை காட்டினாலும் நிற்கும். அம்மாவுக்கு ஒரு நல்ல சேதி: 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். உங்களுக்கு மட்டும்தான் காசு.

வயதானவர்கள் யாராவது ‘தீரன் சின்னமலை பஸ்ஸில் ஏறு’ என்றால் குழம்ப வேண்டாம். திருச்சிப் பக்கத்து அரசு பஸ் கழகத்துக்கு முன்னாள் பெயர் அது. 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இப்போது கும்பகோணம் கோட்டம் என்று எழுதியிருக்கும். கும்பகோணத்துக்குப் போகிற பஸ் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். நம் ஆள் ஒருவர் இறங்கியிருக்கிறார்.

பயணத்தைச் சொல்கிறேன். சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து விமானம். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கும்போது சென்னைக்குப் போய் அலையாதீர்கள். ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் வையுங்கள். இ-விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜனவரியில் திறந்தது, பெரிதாக இருக்கிறது. இங்கேதான் பழைய ஆட்கள் சொல்லும் வழி தப்பும். வெளியூர்ப் பஸ்கள் பெரும்பாலும் 2025 ஜூலையிலிருந்து பஞ்சப்பூர் புது முனையத்துக்குப் போய்விட்டன. ஆனால் துறையூர், முசிரி பஸ்ஸுக்கு நீங்கள் போக வேண்டியது சத்திரம் பேருந்து நிலையம். ஆட்டோக்காரரிடம் ‘பஸ் ஸ்டாண்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘சத்திரம்’ என்று சொல்லுங்கள். காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வரும். அங்கே சடக்கு பிரியும். மண்ணச்சநல்லூர் வழியாகப் போனால் துறையூர், சுமார் 45 கிலோமீட்டர். குணசீலம் வழியாக ஆற்றோரமாகப் போனால் முசிரி.

துறையூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் டைம் கீப்பர் அறைக்குப் போங்கள். கூகுள் மேப்பில் இல்லாத குக்கிராமம் அவர் நோட்டில் இருக்கும். எந்தப் புதுப்பட்டி என்று அவரே கேட்பார். அப்போது குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுங்கள். அம்மா கூட இருப்பதால் போகும்போது பஸ், திரும்பும்போது வாடகைக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸே இருக்காது. டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், குடை வேண்டும்.

உங்கள் பாட்டனுக்கு இந்த வழி தலைகீழாக எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து கட்டை வண்டி அல்லது நடை, ரயில், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ கூலி டிப்போவில் காத்திருப்பு, கப்பலில் ஒரு வாரம் போல, இங்கே வந்தும் நேரே இறங்க விடாமல் நோய்த்தடுப்புக் காப்பில் தனியாக வைப்பார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு அது ஜெரஜாக் தீவு. 1926 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு நாகப்பட்டினம், பினாங்கு கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது.

ஊருக்குள் போனபின் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பஸ் நிற்கும் இடம் ‘ஊர்’. அங்கிருந்து அரை மைல், ஒரு மைல் தள்ளி ‘காலனி’ என்று இன்னொரு குடியிருப்பு இருக்கும். மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும் பகுதி நிலமில்லாத கூலிகள், அவர்களில் நிறையப் பேர் அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உங்கள் பாட்டன் பெயரைக் கேட்டுத் தெரியாது என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் நடங்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அதனால் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் உதவுவார், ஆனால் 1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகு அந்த வேலைக்கு வெளியூர்க்காரர்கள்தான் வருகிறார்கள், மாறிக்கொண்டும் இருக்கிறார்கள். அவருக்குச் சர்வே எண் தெரியும், உங்கள் பாட்டனைத் தெரியாது. தபால்காரரையும் கோயில் பூசாரியையும் பாருங்கள்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது அந்த உறையின் பின்பக்கம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். முத்திரை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, முதல் இரண்டு எழுத்து தெரிந்தால் துறையூர்ப் பக்கமா தொட்டியம் பக்கமா என்று சொல்லிவிடலாம். அம்மாவிடம் குலதெய்வத்தின் பெயரையும் கேட்டு வையுங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.